தோட்டத்துப் பறவையைப் பகிரலாம், வீட்டு வாசலைக் காட்ட வேண்டாம்

கேள்வி: மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் போகும் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் மாமரம், வாழை, முருங்கை, கிணற்றடி என்று கொஞ்சம் இடம் இருக்கிறது. வீட்டில் பார்க்கும் பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதிந்து வருகிறேன். அக்டோபர் கடைசியில் ஒரு ஆறுமணிக்குருவி வந்து மாமரத்தடியிலேயே தங்கிவிட்டது. சந்தோஷத்தில் போட்டோவை ஒரு வாட்ஸப் குழுவில் போட்டு, கேட்டவர்களுக்காக லொக்கேஷனையும் அனுப்பினேன். மறுநாள் விடியற்காலையிலேயே நாலைந்து பேர் பெரிய பெரிய கேமராவோடு கேட்டில் நின்றார்கள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவர் போனில் குருவிச் சத்தத்தைப் போட்டு அதைக் கூப்பிட்டார். வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை. நானும் மாமியாரும் ஒன்பதாவது படிக்கும் மகளும்தான் இருக்கிறோம். நாங்கள் மாடியில் பைனாகுலரோடு நிற்பதையே இப்போது பக்கத்து வீட்டு அக்கா குறையாகச் சொல்கிறார். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்கிறார் வீட்டுக்காரர். பார்த்ததை மறைத்தால் அறிவியலுக்குத் தப்புச் செய்ததாகாதா? என்ன செய்யட்டும் சார்?
— பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். பதிகிற விதத்தை மாற்றினால் போதும். உங்கள் வீட்டுக்காரர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது, உங்கள் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பறவைப் பட்டியல்களைச் சரிபார்ப்பதும், அவற்றை வைத்து ஆய்வு செய்வதும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆய்வுக்கு வேண்டிய விவரம் வேறு, முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கேட்டுக்கு வந்து நிற்க வேண்டிய விவரம் வேறு. முதலாவதை மனதாரக் கொடுங்கள். இரண்டாவதை யாருக்கும் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸப்பில் போட்டதை எல்லாருக்கும் சேர்த்து அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம் உண்டு. அது தாண்டியிருக்கும். அதனால் குழு நடத்துபவரிடம் பேசி, அவர் பெயரிலேயே ஒரு செய்தி போடச் சொல்லுங்கள்: "ஆறுமணிக்குருவி இருப்பது தனியார் வீடு. வீட்டில் எல்லாருக்கும் தொந்தரவாக இருக்கிறது. யாரும் போக வேண்டாம், லொக்கேஷனை யாருக்கும் அனுப்ப வேண்டாம், வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள்." இவ்வளவு போதும். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், யார் வெளியூரில் என்பதெல்லாம் அந்தச் செய்தியில் வரவே கூடாது. குருவி போய்விட்டது என்று பொய் சொல்லலாம் என்று சிலர் உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். இந்தக் குருவிக்கு அது உதவலாம்; அடுத்த பறவை வரும்போது மறுபடி இதே ஆட்கள் இதே கேட்டில் நிற்பார்கள். வீட்டுக்கு வரக் கூடாது என்பது அவர்களுக்கு ஒருமுறை தெளிவாகத் தெரிந்துவிடுவதுதான் நல்லது.

வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் அனுப்புவது நம் பக்கத்தில் கஷ்டமான காரியம், தெரியும். இருந்தாலும் கேட்டைத் திறக்காமலே பேசுங்கள். "வீட்டில் யாரையும் அனுமதிப்பதில்லை" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வளரும். ஆறுமணிக்குருவி பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அழகர்மலை அடிவாரத்து மரக்கூட்டம் இருக்கிறது. விடியலில் அங்கே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கட்டும். சொல்லியும் கேட்காமல் உள்ளே வந்தால் அது அத்துமீறல். 100-க்குப் போன் செய்யத் தயங்க வேண்டாம்.

போனில் சத்தம் போட்டுக் கூப்பிட்ட ஆளைப் பற்றிப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிற பறவை. இரவில்தான் பறந்து வரும். வந்து சேருகிறபோது களைத்துப்போய் வீட்டு வராந்தாவிலும் குளியலறையிலும்கூட விழுந்து கிடக்கும். ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவத்தில் அப்படிச் செய்தி வராமல் இருப்பதில்லை. அப்புறம் உங்கள் மாமரத்தடி போன்ற ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்று உடம்பைத் தேற்றும். காலையும் மாலையும் விசில் அடிப்பது "இது என் இடம்" என்று மற்ற ஆறுமணிக்குருவிகளுக்குச் சொல்வதற்காக. போனிலிருந்து அதே விசில் வந்தால் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, தீனியை விட்டுவிட்டு வெட்டவெளிக்கு வந்து நின்று கத்தும். பூனைக்கும் வைரிக்கும் அது சுலபமான இரை. ஒரு படத்துக்காக இதைத் திரும்பத் திரும்பச் செய்வது தப்பு. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: மறைத்தால் தப்பா?

உங்கள் பதிவிலிருந்து என்னைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்வது இதைத்தான்: என்ன பறவை, எத்தனை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், ஏறக்குறைய எந்த இடம். இவ்வளவும் இருந்தால் ஆறுமணிக்குருவி மதுரைக்கு எப்போது வருகிறது, எப்போது கிளம்புகிறது, ஊருக்குள் இருக்கும் தோட்டங்கள் அதற்குப் போதுமா என்றெல்லாம் பார்க்க முடியும். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, உங்களைப் போல சுமார் 30,000 பேர் இ-பேர்டில் பதிந்து வைத்த 3 கோடிக்கும் மேற்பட்ட தகவல்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளில் நாட்டைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறோம். உங்கள் வீட்டு எண் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே இ-பேர்ட் வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கென்று வைத்திருக்கும் புள்ளியை இப்போதே திறந்து பாருங்கள். கூரை மேலேயே குத்தியிருப்பீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், செயலியும் நிற்கிற இடத்தையே எடுத்துக்கொள்கிறது. பெயரும் "எங்கள் வீடு, இன்ன நகர், மூன்றாவது தெரு" என்று இருக்கும். உங்கள் பட்டியலைத் திறக்கும் யாரும் இதைப் பார்க்கலாம். இ-பேர்ட் வலைத்தளத்தில் உங்கள் இடங்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், புள்ளியைப் பக்கத்து முக்கு ரோட்டுக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ நகர்த்துங்கள். சில நூறு மீட்டர் தள்ளினால் ஆய்வுக்கு எந்தக் குறையும் வராது. பெயரை "வீட்டுத் தோட்டம், மதுரை வடக்கு" என்று மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் அந்த இடத்தில் போட்ட பழைய பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் அது சேர்ந்தே மாறிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டை மறைக்கிறேன் என்று உங்கள் பட்டியலை வண்டியூர் கண்மாயிலோ சாமநத்தம் கண்மாயிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். அவை பலரும் பொதுவாகப் பதியும் இடங்கள். மாமரத்தடி ஆறுமணிக்குருவியும் முருங்கையில் வந்த தேன்சிட்டும் நீர்ப்பறவைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் அந்தக் கண்மாயின் கணக்கே கெட்டுப்போகும். கொஞ்சம் தள்ளி வைப்பது வேறு, இடத்தையே மாற்றிச் சொல்வது வேறு. தேதியையும் அப்படித்தான், ஒரு நாளும் மாற்றாதீர்கள்.

உங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் இ-பேர்டின் செட்டிங்ஸில் அதையும் மறைத்துக்கொள்ளலாம். பெயர் இருக்கும் இடத்தில் பெயர் குறிப்பிடாத பறவையாளர் என்று வரும். குறிப்பிட்ட ஒரு பட்டியலை மட்டும் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவைக்கவும் வழி உண்டு. செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் பயன்படுத்தினால், அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்களுக்குக் காட்டும்.

இடத்தைவிட நேரம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது என் எண்ணம். இதைப் பலர் யோசிப்பதில்லை. இ-பேர்டில் ஒருவர் தான் இதுவரை பார்க்காத பறவைகளுக்கு அறிவிப்புக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் காலை ஏழு மணிக்குப் பட்டியலை அனுப்பினால், அன்றைக்கே அவருடைய மின்னஞ்சலுக்கு வரைபடத்தோடு செய்தி போய்விடும். அந்த அறிவிப்புகள் கடைசி ஏழு நாள் பதிவுகளை வைத்துத்தான் போகின்றன. ஆகவே ஆறுமணிக்குருவி இருக்கும் பட்டியலைச் செயலியிலேயே வைத்திருந்து, பத்து நாள் கழித்து, பார்த்த தேதி மாறாமல் அனுப்புங்கள். அறிவிப்பும் போகாது, ஆய்வுக்கும் முழுத் தகவல் கிடைக்கும். குருவி இன்னும் தங்கியிருக்கிறது என்பதால், புள்ளியை நகர்த்திய பிறகே அனுப்புங்கள்.

இன்னொன்று, தினமும் காலை ஆறிலிருந்து ஆறரை வரை வீட்டில் பதிபவர் திடீரென்று கொடைக்கானலிலிருந்து உடனுக்குடன் பட்டியல் போட்டால், வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. வெளியூர்ப் பட்டியல்களை வீடு திரும்பிய பிறகு அனுப்புங்கள். வீட்டிலிருந்து கண்மாய்க்கரை வரை நடந்து பார்ப்பதாக இருந்தாலும், கரையில் போய் நின்ற பிறகு பட்டியலைத் தொடங்குங்கள். இல்லையென்றால் அந்த நடையின் புள்ளி உங்கள் வாசலில் போய் விழக்கூடும்.

போட்டோ விஷயத்தில் போன் கேமராவின் அமைப்பில் இருப்பிடத்தைச் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடக்குறிப்பு போய்விடும். "தரம் குறையாமல் வரட்டும்" என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். நம் ஆட்கள் பறவைப் படத்தைப் பெரும்பாலும் டாக்குமெண்டாகத்தான் கேட்பார்கள்! அனுப்புவதற்கு முன் படத்தின் ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள். குருவிக்குப் பின்னால் கொடியில் மகளின் பள்ளிச் சீருடை காயலாம், கேட்டில் வீட்டு எண் தெரியலாம், பக்கத்து வீட்டு வண்டியின் நம்பர் தெரியலாம். வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஒலிப்பதிவைப் பற்றி யாரும் எச்சரிப்பதே இல்லை. மெர்லின் போன்ற செயலியில் குருவிச் சத்தத்தைப் பதிவு செய்து பட்டியலோடு ஏற்றுகிறோம். தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்க உட்கார்ந்தால், பின்னணியில் இரண்டு வீட்டுக்காரர்கள் கடன் விஷயமாகப் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். பிள்ளையைப் பெயர் சொல்லித் திட்டுவது கேட்கும். பேசியவர்களுக்கு அது பதிவானதே தெரியாது. காதில் ஹெட்போன் மாட்டி முழுதும் ஒருமுறை கேளுங்கள். பறவை கத்தும் துண்டை மட்டும் வெட்டி ஏற்றுங்கள். எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

இதுவரை சொன்னது உங்களுக்கான பாதுகாப்பு. பறவைக்கான பாதுகாப்பில் நான் இன்னும் கறாரானவன்.

கூட்டில் இருக்கும் எந்தப் பறவையையும், அது தையல்சிட்டாகவே இருந்தாலும், கூடு இருக்கும் இடம் தெரியும்படி பகிராதீர்கள். பட்டுப்போன தென்னையின் பொந்தில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருந்தால் வாயே திறக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். முட்டையையோ கூட்டையோ கலைப்பதைக்கூட அந்தச் சட்டம் வேட்டை என்றுதான் சொல்கிறது. இருந்தும் குஞ்சை எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். புள்ளி ஆந்தையும் அப்படியே. ஒரே பொந்தில் நாள் கணக்காக ஜோடியாக உட்கார்ந்திருக்கும். அபசகுனம் என்று கல்லெறிபவர்களுக்கும் அது தெரிய வேண்டியதில்லை. யானைமலை, நாகமலை போன்ற நம் பாறைக் குன்றுகளில் கொம்பன் ஆந்தையோ வல்லூறோ கூடு வைத்திருப்பதைப் பார்த்தாலும் இதேதான். இ-பேர்டே சில பறவைகளை ஆபத்துக்குரியவை என்று பட்டியலிட்டு, அவற்றின் இடத்தை 400 சதுர கிலோமீட்டர் கட்டமாக மட்டுமே வெளியில் காட்டுகிறது. உங்கள் வீட்டு ஆந்தை அந்தப் பட்டியலில் வராது. அங்கே முடிவு எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இவ்வளவு மறைக்கச் சொல்லிவிட்டுப் பதியச் சொல்வது ஏன் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம். அவருக்கு நம் மாவட்டத்தில் குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டியைச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் சுமார் 250 வகைப் பறவைகளும், அவற்றில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளி ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் உண்டு. அங்கே போய்ப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? பிறகு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்த வட்டாரம் ஏலம் போனதும், ஊர் ஊராக மக்கள் கிளம்பியதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் உங்களுக்குத் தெரியும். போராடி வென்றது மக்கள். ஆனால் "இங்கே என்ன இருக்கிறது" என்று கேட்டபோது காட்டுவதற்குக் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அந்த மலையில் வல்லூறு இருக்கிறது என்று உலகத்துக்கே சொல்லலாம். எந்தப் பாறை இடுக்கில் முட்டை வைத்திருக்கிறது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்துக்கும் இதே அளவுகோல்தான்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் இடத்தில் இருந்து பாருங்கள். விடிந்தால் அடுத்த மாடியில் யாரோ பைனாகுலரோடு தன் கொல்லைப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள்; போதாதற்குத் தெருவில் அந்நியர் கூட்டம். நீங்களே அவர் வீட்டுக்குப் போய், நடந்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு, ஒரு நாள் மாடிக்குக் கூட்டி வந்து பைனாகுலரை அவர் கையில் கொடுங்கள். முருங்கைப் பூவில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டை ஒருமுறை காட்டுங்கள். அப்புறம், நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் குளிக்க, துவைக்கப் புழங்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் மாமரத்தையும் வானத்தையும் பாருங்கள். அவர் வீட்டு மரத்தில் இருக்கும் பறவையைப் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். கேமரா பெரிதாக இருக்க இருக்க இது அவசியம்.

மகள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரட்டும். 2015-லிருந்து நடக்கிறது, வீட்டுத் தோட்டத்திலிருந்தே கலந்துகொள்ளலாம். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. அவளுக்கென்று தனிக் கணக்கு வேண்டாம், இப்போதைக்கு உங்கள் கணக்கிலேயே பதியட்டும். முழுப் பெயரும் பள்ளிப் பெயரும் எங்கும் வர வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டால் அன்று மாலை போடட்டும், இடத்தைச் சேர்க்காமல்.

கணக்கெடுப்பு நாட்களில் ஆறுமணிக்குருவி இருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். புள்ளிதான் முக்கு ரோட்டுக்குப் போயிருக்குமே. அதுவரை மாமரத்தடிச் சருகைப் பெருக்காமல் விட்டு வையுங்கள், கிணற்றடியில் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள், தெருப்பூனை உள்ளே வரும் இடுக்கை அடைத்துவிடுங்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு நாள் விசில் கேட்காது. கடைசியாகக் கேட்ட தேதியைக் குறித்து அனுப்புங்கள். வந்த தேதியைப் பலர் அனுப்புகிறார்கள், போன தேதியைத்தான் யாரும் எழுதுவதில்லை.